வரி போனது, வரிசை போகவில்லை

இன்றைய பதிவு முக்கியமாக அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

டெக்ஸாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போன வாரம் போனில் பேசினான். கிரீன் கார்டு வைத்திருக்கிறான். மனைவி, பிள்ளைகள், வீடு எல்லாம் அங்கேதான். சட்டப்படி வாங்கிய ஏ.ஆர். வகைக் கைத்துப்பாக்கி ஒன்று அவனிடம் உண்டு. குழல் 10 அங்குலம். அதில் தோளில் ஊன்றும் கட்டை ஒன்றைப் பூட்ட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. “இந்த வருஷத்துலேர்ந்து வரி கிடையாது சார். விண்ணப்பமும் அனுப்பிட்டேன். கட்டை நாளைக்கு வந்துடும், மாட்டிடலாம்ல?” என்றான்.

“பொறு தம்பி, முதலில் சட்டத்தைப் படிப்போம்” என்றேன். இருவரும் படித்தோம்.

தோளில் ஊன்றிச் சுடும் ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைந்தாலோ, அது குட்டைக் குழல் ரைஃபிள். கைத்துப்பாக்கியில் அந்தக் கட்டையைப் பூட்டிய நொடியே அது இந்த வகைக்கு மாறிவிடும். மதுவிலக்குக் காலத்துக் கும்பல்களின் அட்டகாசத்தைப் பார்த்து 1934-இல் கொண்டுவந்த தேசியத் துப்பாக்கிச் சட்டம் இது. அன்று 200 டாலர் வரி போட்டார்கள். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. 2026 ஜனவரி 1 முதல் இந்த வகைக்கு வரி பூஜ்யம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வரிதான் போனது. பதிவும் அனுமதியும் அப்படியே இருக்கின்றன. படிவம் 1 நிரப்பி, கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, ஏ.டி.எஃப். துறையின் ஒப்புதல் வந்த பிறகுதான் பூட்டலாம். விண்ணப்பம் அனுப்பியது அனுமதி ஆகாது.

வகுப்பில் வினையெச்சம் நடத்தியது நினைவிருக்கிறதா? “அனுமதி வாங்கிப் பூட்டினான்”, “பூட்டி அனுமதி வாங்கினான்.” சொற்கள் அதேதான். முதல் ஆள் வீட்டில் இருப்பான். இரண்டாம் ஆளுக்கு 10 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். பூட்டிவிட்டுப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் வழியே இல்லை.

“பூட்டாமல் கட்டையைச் சும்மா வீட்டில் வைத்திருக்கலாமா சார்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. 1992-இல் தாம்ப்சன் சென்டர் ஆர்ம்ஸ் என்ற கம்பெனியின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு கைத்துப்பாக்கி, 21 அங்குல நீளக் குழல், தோள்கட்டை ஆகியவற்றை அந்தக் கம்பெனி சேர்த்து விற்றது. அரசு வரி கேட்டது. கம்பெனி 200 டாலரைக் கட்டிவிட்டு, திருப்பித் தரச் சொல்லி வழக்குப் போட்டு ஜெயித்தது. நீளக் குழலோடு கட்டையைப் பூட்டினால் அது சட்டப்படியான ரைஃபிள்தானே? அதாவது, அந்தப் பாகங்களுக்கு நேர்மையான ஒரு பயன் இருந்தது. என் மாணவனிடம் நீளக் குழலும் இல்லை, வேறு ரைஃபிளும் இல்லை. அந்தக் கட்டை அவன் வீட்டில் குட்டை ரைஃபிள் செய்ய மட்டுமே உதவும். அப்படிப்பட்ட பாகங்களைச் சேர்த்து வைத்திருப்பதே வம்பு. அதனால் ஒப்புதல் வரும்வரை கட்டையை வாங்காமல் இருப்பதே நல்லது. அன்றே ஆர்டரை ரத்து செய்தான்.

அவனுக்குச் சிறையைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. குடியுரிமை பெறாதவர் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால், கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம். பிள்ளைகள் அங்கே பிறந்தவர்கள். ஒரு திருகாணியைச் சில வாரம் முன்னால் முடுக்கியதற்காக அந்தக் குடும்பம் பிரிய வேண்டுமா?

எச்1பி விசாவில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். நண்பர்கள் சுடுதளத்துக்குக் கூப்பிட்டாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். மாநிலச் சட்டமும் வேறுபடும். கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் சாதாரண ஆளுக்குக் குட்டைக் குழல் ரைஃபிளே கூடாது.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். சந்தேகம் இருந்தால் அங்குள்ள வக்கீலைக் கேளுங்கள், யூடியூபைக் கேட்காதீர்கள். ஒப்புதல் தாள் கைக்கு வரும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். அங்கே இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்