டெக்சாஸ் துப்பாக்கியும் நியூ ஜெர்சி வீடும்

அமெரிக்காவில் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வீடு மாற்றுகிற நம்மவர்கள் வழக்கமாக நான்கு விஷயம் விசாரிப்பார்கள். வாடகை எவ்வளவு, பள்ளிக்கூடம் எப்படி, வருமான வரி உண்டா, பக்கத்தில் இந்தியன் கடை இருக்கிறதா. ஐந்தாவதாக ஆயுதச் சட்டத்தையும் விசாரிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. "நமக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்பதுதான் பொதுவான பதில். போன கோடையில் அந்த ஐந்தாவது விஷயத்தை உட்கார்ந்து படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்காவது உதவலாம்.

விஷயம் இதுதான். அக்காவும் அத்தானும் டாலஸ் பக்கம் பத்து வருஷமாக இருந்தார்கள். அத்தான் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டார். நான் மாணவர் விசாவில் இருக்கிறேன். எனக்கு நியூ ஜெர்சியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அத்தானுக்கும் அதே பக்கம் வேலை மாறியது. எல்லாரும் சேர்ந்தே போகலாம், ஒரே வீட்டில் இருக்கலாம் என்று முடிவு. அப்போதுதான் அக்கா கேட்டாள், "உங்க அத்தானோட துப்பாக்கியை என்னடி பண்றது?"

அது ஒரு குளோக் 19. அவர்கள் தெருவில் இந்தியர் வீடுகளாகப் பார்த்து நகை திருடிக்கொண்டு போன காலத்தில் வாங்கியது. அத்தான் அதைச் சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம் :-)

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் விநோதமாக இருக்கும். இந்தியாவில் துப்பாக்கிக்கு 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம்தான். கன்னியாகுமரியிலும் அதே சட்டம், காஷ்மீரிலும் அதே சட்டம். லைசென்ஸ் வைத்திருக்கிற மிராசுதார்கள் தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைப்பதைக் கிராமத்தில் பார்த்திருப்பீர்கள். கத்திக்குக்கூட அதில் அளவு உண்டு. அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதக் கணக்கில் வரும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளவை தவிர. ஆகவே நம் அரிவாள் வயலில் இருக்கும்வரை கருவி.

அமெரிக்காவில் ஃபெடரல் சட்டம் என்று ஒன்று நாடு முழுக்க உண்டு. அதன்மேல் ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டத்தை அடுக்கி வைத்திருக்கிறது. 50 மாநிலம், 50 அடுக்கு. டெக்சாஸும் நியூ ஜெர்சியும் ஏறக்குறைய இரண்டு எதிர்முனைகள்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயதான, வேறு தடை இல்லாத ஒருவர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போகலாம். நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்கவே ஓர் அடையாள அட்டை வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி. வெளியே எடுத்துப்போக வேறொரு அனுமதி. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொன்னதும், 'நியாயமான தேவை இருக்கிறது என்று நிரூபி' என்கிற பழைய நிபந்தனையை நியூ ஜெர்சியும் கைவிட்டது. ஆனால் அனுமதி என்பது போகவில்லை. அது இல்லாமல் கைத்துப்பாக்கியோடு மாட்டினால் இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 வருஷம் சிறை, அதில் குறைந்தது 42 மாதம் பரோல் கிடையாது.

டாலஸில் காலை பத்து மணிக்குச் சாதாரணமாக இருக்கிற ஒரு செயல், அதே மனிதர், அதே பொருள், நியூ ஜெர்சியில் சிறைக்கு அனுப்பும். படித்துக் காட்டியபோது அத்தான் நம்பவில்லை. "என்கிட்ட பில் இருக்கே, சட்டப்படி வாங்கினதுதானே?" என்றார். நியாயமான கேள்விதான். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் பிரையன் ஐட்கென் வழக்கைச் சொன்னேன்.

ஐட்கென் கொலராடோவில் சட்டப்படி துப்பாக்கி வாங்கியவர். நியூ ஜெர்சிக்குக் குடிவந்தார். 2009 ஜனவரியில் அவர் மனநிலையைப் பற்றிக் கவலைப்பட்ட அம்மா போலீசுக்குப் போன் போட, கார் டிக்கியில் சாமான்களோடு இரண்டு கைத்துப்பாக்கிகள் இருந்தது தெரிந்தது. 2010ல் 7 வருஷத் தண்டனை. வீடு மாற்றும்போது துப்பாக்கியை எடுத்துப்போக அந்த மாநிலச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. தோட்டா நிரப்பாமல், மூடிக் கட்டிய பெட்டியிலோ பூட்டிய டிக்கியிலோ இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த விலக்கை நீதிபதி ஜூரிகளுக்கு விளக்கவில்லை. அந்த டிசம்பரிலேயே ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். 2012ல் மேல்முறையீட்டில் துப்பாக்கிக் குற்றச்சாட்டுகள் தள்ளுபடி ஆயின. ஒன்று மட்டும் நின்றது. என்ன தெரியுமா? தோட்டா!

ஹாலோ பாயிண்ட் என்று முனையில் குழி வைத்த தோட்டா. டெக்சாஸில் எந்தக் கடையிலும் கிடைக்கும். வீட்டுப் பாதுகாப்புக்குப் பலர் வாங்குவது அதைத்தான். நியூ ஜெர்சியில் அதை வீட்டில் வைக்கலாம், வாங்கின இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரலாம், வேட்டைக்கும் சுடுபயிற்சிக்கும் எடுத்துப்போகலாம். மற்றபடி கையில் இருந்தாலே குற்றம். துப்பாக்கிக்குச் சொன்ன 'வீடு மாற்றும் விலக்கு' தோட்டாவுக்குப் பொருந்தவில்லை. ஒரே பெட்டியில் இருக்கிற இரண்டு பொருளுக்கு இரண்டு சட்டம்!

அடுத்தது மேகசின், அதாவது தோட்டா செருகும் பெட்டி. குளோக் 19க்கு 15 தோட்டா பிடிக்கிற மேகசின்தான் சாதாரணமாக வரும். நியூ ஜெர்சி 2018ல் உச்சவரம்பை 15லிருந்து 10 ஆக்கிவிட்டது. ஆக அத்தானின் மேகசின்கள் அங்கே உதவாது. இதற்குமேல் 2022ல் இன்னொரு சட்டம். வெளிமாநிலத்திலிருந்து துப்பாக்கியோடு குடிவருபவர் 60 நாளைக்குள் அந்த அடையாள அட்டையை வாங்கித் துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும்.

சரி, ஊர் போய்ச் சேர்வதற்குள் வழி இருக்கிறதே! டாலஸிலிருந்து காரில் போனால் ஆர்கன்சா, டென்னசி, வர்ஜினியா, மேற்கு வர்ஜினியா, மேரிலாந்து, பென்சில்வேனியா, பிறகு நியூ ஜெர்சி. புறப்படுகிற இடத்தையும் சேர்த்து எட்டு மாநிலம். மேரிலாந்தில் அந்த நெடுஞ்சாலை கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கால் மணி நேரமும் மேரிலாந்துச் சட்டம்தான். இதற்காகவே 1986ல் ஒரு ஃபெடரல் சட்டம் வந்தது. புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்குத் துப்பாக்கி சட்டப்படி சரியென்றால், நடுவில் எந்த மாநிலமும் தடுக்கக்கூடாது. தோட்டா நிரப்பாமல், கைக்கு எட்டாமல் டிக்கியில் இருக்க வேண்டும்.

இதிலும் ஒரு முடிச்சு. யூட்டா மாநிலத்து கிரெக் ரெவெல் 2005ல் விமானம் மாறமுடியாமல் நியூ ஜெர்சியின் நியூவார்க்கில் மாட்டிக்கொண்டார். பெட்டியை வாங்கிக்கொண்டு இரவு ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும்போது துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். கைது! 2010ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஓட்டலில் பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் 1986 சட்டம் அவரைக் காக்காது என்றுவிட்டது. நாங்கள் வழியில் இரண்டு இரவு தங்குவதாக இருந்தோம்.

இதுவரை சொன்னதெல்லாம் அத்தானைப் பற்றி. இனி என்னைப் பற்றி. படிக்கிற மாணவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது கவனியுங்கள்.

என்னைப்போல எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு மாநிலங்களை ஒப்பிட்டுப் பயனில்லை. 1998ல் வந்த ஃபெடரல் விதி ஒன்று, குடியேறாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது என்கிறது. டெக்சாஸ் என்றாலும் அலாஸ்கா என்றாலும் இதேதான். செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. மீறினால் 15 வருஷம் வரை. 2022 வரை அது 10 ஆக இருந்தது. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தவும் காரணம் ஆகிவிடும்.

"நான் எங்கே வாங்கப்போறேன்" என்பீர்கள். வாங்க வேண்டாம். சனிக்கிழமை நண்பர்களோடு சுடுபயிற்சி மையத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியில் நாலு குண்டு சுட்டுப் போட்டோ எடுத்துப் போடுகிறோமே, அதுவும் 'வைத்திருத்தல்'தான். ஐக்கிய அரபு எமிரேட்சிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு மாணவர் விசாவில் வந்த ஹமீது ரெஹைஃப் மதிப்பெண் இல்லாமல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். விசா நிலையும் போயிற்று. அதன்பின் சுடுபயிற்சி மையம் ஒன்றுக்குப் போய்ச் சுட்டார். வழக்கு, தண்டனை, உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019ல் 7க்கு 2 என்று தீர்ப்பு: தான் தடை செய்யப்பட்டவர்களில் ஒருவர் என்பது அவருக்குத் தெரியும் என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும். அவருக்கு அது ஓரளவு ஆறுதல். இதைப் படித்துவிட்ட உங்களுக்கும் எனக்கும் 'தெரியாது' என்று சொல்ல இனி வழியில்லை :-)

இப்போது ஒரே வீடு என்ற பிரச்சினைக்கு வாருங்கள். கையில் பிடித்தால்தான் வைத்திருத்தல் என்று சட்டம் பார்ப்பதில்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்து, எடுத்துக் கையாளும் வசதியும் எண்ணமும் இருந்தால் அதுவும் அந்தக் கணக்கில் வரும். அத்தானின் அலமாரிச் சாவி எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். எண்ணம் இல்லை என்று நான் சொல்லலாம். அதை ஒரு நீதிமன்றத்தில் நின்று சொல்ல எனக்கு விருப்பம் இல்லை.

"அத்தான், நான் காலேஜ் பக்கத்துல தனியா ரூம் பார்த்துக்கறேன்" என்றேன். அக்கா முகம் சுருங்கிவிட்டது. உதவித்தொகையில் பாதி வாடகைக்கே போகும் என்பது அவளுக்குத் தெரியும். அத்தான் எண்ணுப் பூட்டு போட்ட பெட்டி வாங்குவதாகவும் எண்ணை எனக்குச் சொல்லாமல் இருப்பதாகவும் சொன்னார். அது ஒரு சரியான வழிதான். பையனுக்கு ஏழு வயது, எப்படியும் பூட்டித்தான் ஆக வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மாநிலமும் ஒத்துப்போகின்றன. தோட்டா நிரப்பிய துப்பாக்கி பிள்ளைகள் கைக்கு எட்டும்படி இருந்தால் டெக்சாஸிலும் குற்றம், நியூ ஜெர்சியிலும் குற்றம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, லைசென்ஸ் உள்ள டீலரிடம் டாலஸிலேயே விற்றுவிட்டு வந்தார். வாங்கின விலையில் பாதிதான் கிடைத்தது. "சட்டத்துக்காக இல்ல, உன் விசாவுக்காக" என்றார். கூடவே, "நாளைக்கு எவனாவது கதவை உடைச்சா உன் சட்டப் புஸ்தகத்தைத்தான் காட்டணும்" என்றும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் பயம் பொய்யில்லை. அந்தத் தெருவில் திருட்டு நடந்தது நிஜம்.

கடைசியாகச் சின்னச் சாமான்கள். நியூ ஜெர்சியில் 18 வயதானவர்கள் பெப்பர் ஸ்பிரே வைத்திருக்கலாம், ஆனால் பையில் அடங்குகிற ஒன்றே ஒன்று, முக்கால் அவுன்சுக்கு மேல் கூடாது. சாவிக்கொத்தில் இருந்த என் அரை அவுன்ஸ் குப்பி தப்பித்தது. ஓடப்போகும்போது எடுத்துப்போகிற மூன்று அவுன்ஸ் டப்பாவைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். நியூயார்க்குக்குப் போகிறவர்கள் அங்கேயே மருந்துக்கடையிலோ துப்பாக்கி டீலரிடமோ நேரில் வாங்க வேண்டும், தபாலில் வரவழைக்கக்கூடாது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையைச் சமையல் பாத்திரங்களோடு கட்டிவைத்தோம். டெக்சாஸ் கத்திக்கு ஐந்தரை அங்குலம் என்று அளவு வைத்திருக்கிறது. நியூ ஜெர்சியோ அது எந்தச் சந்தர்ப்பத்தில் உங்களிடம் இருக்கிறது என்று பார்க்கிறது. சமையலறைப் பெட்டியில் இருந்தால் அரிவாள்மணை, கார் சீட்டுக்கு அடியில் இருந்தால் வேறு கதை.

எனவே வீடு மாற்றுகிறவர்கள் 'எந்த மாநிலச் சட்டம் நல்லது' என்று ஆரம்பிக்காதீர்கள். அது டீக்கடை விவாதம், முடியாது. நான்கு கேள்வி கேளுங்கள். பொருள் என்ன, தோட்டாவும் மேகசினும் உட்பட? வீட்டில் வைப்பதா, வெளியே கொண்டுபோவதா, வழியில் கடத்துவதா? வழியில் எந்தெந்த மாநிலம், எங்கே இரவு தங்கல்? முக்கியமாக, அந்த வீட்டில் யார் யார் இருக்கப்போகிறார்கள், யார் என்ன விசாவில்? பதில்களை இரண்டு மாநிலக் காவல்துறை இணையதளங்களிலும் சரிபாருங்கள். சட்டங்கள் வருஷா வருஷம் மாறுகின்றன, நீதிமன்ற வழக்குகளும் ஓயவில்லை. சந்தேகம் இருந்தால் வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். மாணவர்கள் தங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்கலாம், அங்கே இதற்குக் காசு வாங்கமாட்டார்கள்.