நடுவில் ஒரு புள்ளி

முத்துப்பேட்டை என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். த்து, ப்பே, ட்டை என்று மூன்று இடத்தில் நாக்கு அழுத்தி நகர்கிறது. ஆனால் அந்த ஊரிலேயே ஒரு கம்ப்யூட்டர், இந்தப் பெயரில் இரட்டித்த எழுத்து ஒன்றுகூட இல்லை என்று சாதித்தது.

அக்காள் மகன், தன் தாத்தாவின் நாட்குறிப்பை அதில் தட்டிக்கொண்டிருந்தான். விரல் தடுக்கி, 'அலையாத்தி' 'அலையயாத்தி' ஆகிவிடும். இப்படிப்பட்டவற்றைப் பிடிக்கப் பைத்தான் மொழியில் ஒரு சூத்திரம் எழுதினான்: (.)\1. புள்ளி என்றால் எந்த எழுத்தானாலும் சரி. அடைப்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். சாய்கோடும் ஒன்றும் 'பிடித்ததே மறுபடியும்' என்று கேட்கும். அலையயாத்தி அகப்பட்டது. முத்துப்பேட்டை நழுவிவிட்டது.

"இங்கிலீஷில் சரியாக வருகிறதே, மாமா?" என்றான்.

தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அக்காள் அடுக்களையிலிருந்து சொன்னாள்: "த்துவிலே இரண்டு தவும் ஒட்டியா இருக்கு? நடுவிலே புள்ளி இருக்கேடா!"

விஷயம் அதுதான். மெய்யின் இயல்பு புள்ளி பெற்று நிற்பது என்று தொல்காப்பியம் விதித்தது. 1991-இல் வந்த யூனிகோடு முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. அதில் 'த்' தனி எழுத்தன்று, 'த' ஒன்று, புள்ளி ஒன்று. பையன் அடைப்புக்கும் சாய்கோட்டுக்கும் நடுவே தமிழ்ப் புள்ளியை வைத்தான். த, ப, ட மூன்றும் வந்து விழுந்தன. உள்ளே தரைப்புள்ளி, வெளியே தலைப்புள்ளி!

உற்சாகத்தில், "இரட்டித்ததையெல்லாம் ஒற்றையாக்கிவிடட்டுமா?" என்றான். ஆக்கினால் 'எட்டு' கலம் நெல் 'எடு' கலமாகும். 'பட்டம்' 'படம்' ஆகும். முத்து மூப்படைந்து 'முது' ஆகும். தலைப்புள்ளி இல்லாத பழைய சூத்திரத்தை நம்பினாலும் ஆபத்துதான். அது வவ்வாலையும் பிழை என்று பிடிக்கும். தேடித் தருவது யந்திரத்தின் வேலை. தீர்ப்புச் சொல்வது நம்முடையது.

2018 நவம்பர் 16, கஜா புயல் அடித்த நாளின் பக்கத்தில் அது ஒரு சொல்லைக் காட்டியது. "தென்னை ஒன்று பாக்கியில்லை, ஐயயோ." பையன் அதை 'ஐயையோ' என்று திருத்தப் போனான். அக்காள் பழைய நோட்டை எடுத்து விரித்தாள். தாத்தாவின் கையெழுத்திலேயே அப்படித்தான் இருந்தது.

"இது விரல் தடுக்கினது இல்லை, மனசு தடுக்கினது. இருக்கட்டும்" என்றாள்.

அப்படியே இருக்கிறது.