ஆணிகளுக்கு நடுவே கொஞ்சம் சந்தோசம்

மக்களே, பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஒரகடத்துல வேலை பார்க்கிறவன் இதைச் சொன்னா நிஜ ஆணியான்னு கேப்பீங்க. இல்லை, வண்டி உதிரிபாகம் செய்யற கம்பெனியில, லைன்ல ஓடுற பார்கோட் சாஃப்ட்வேரைக் கட்டி மேய்க்கிறதுதான் நம்ம பொழப்பு :-)

போன வாரம் ஷிஃப்ட் பஸ் வழக்கம்போல படப்பை பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாடி நின்னுடுச்சு. ஹெட்போனை மாட்டி ஏதோ ஒரு ஆர் அண்ட் பி லிஸ்ட்டை ஓட விட்டேன். நடுவுல ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல பாடிட்டே வந்து திடீர்னு தமிழுக்குத் தாவுது. தூக்கம் போயே போச்சு. பேரைப் பார்த்தா ப்ரியா ரகு. ஆல்பம் பேரு 'சந்தோசம்'. 2023 அக்டோபர்ல வந்ததாம். நமக்கு எல்லாமே லேட்டாத்தான் வந்து சேரும்.

ஈழத்துலேர்ந்து போர்ச்சூழல்ல சுவிட்சர்லாந்துக்குப் போன குடும்பம். ப்ரியா வளர்ந்தது அங்கே செயின்ட் காலன்ல. வீட்டுக்குள்ள நம்ம சினிமாப் பாட்டு, ஹெட்போன்ல ஆர் அண்ட் பி. குடும்பமா சேர்ந்து தமிழ் விழாக்கள்ல பாடியிருக்காங்க. இசையமைக்கறது அண்ணன், மேடைப்பேரு ஜாஃப்னா கோல்ட். ரெண்டு பேரும் தங்களோட பாணிக்கு 'ராகுவேவி'ன்னு தாங்களே ஒரு பேரும் வச்சுக்கிட்டாங்க. 2020ல வந்த 'குட் லவ் 2.0' ஃபிஃபா 21 வீடியோ கேம்ல இடம் பிடிச்சது. 2021ல ஒரு மிக்ஸ்டேப். அதோட தலைப்பை மொழிபெயர்த்தா 'அடேங்கப்பா, இவ தமிழச்சி'ன்னு வரும். அதுல இருக்கற 'கமலி', மாமல்லபுரத்துல ஸ்கேட்போர்டு ஓட்டின ஒரு சிறுமியைப் பத்தின ஆவணப்படத்தைப் பார்த்துட்டு எழுதின பாட்டு. எங்க கம்பெனி வாசல்லேர்ந்து பைக்குல ஒன்றரை மணி நேரத்துல போற ஊரு. நான் போறப்பல்லாம் மீன் வறுவல் தின்னுட்டு திரும்பி வந்திருக்கேன், அவ்வளவுதான்.

இந்த ஆர் அண்ட் பிங்கற பேருக்கே ஒரு கதை இருக்கு. அமெரிக்காவுல பில்போர்ட் பத்திரிகை கறுப்பின மக்களோட பாட்டுப் பட்டியலுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'னு தலைப்புப் போட்டுட்டு இருந்தது. அதாவது 'இது அவங்க பாட்டு, தனியா வை'. 1949ல அதை 'ரிதம் அண்ட் ப்ளூஸ்'னு மாத்தினாங்க. அந்தப் பேரைக் கொடுத்த ஜெர்ரி வெக்ஸ்லர் அப்ப அந்தப் பத்திரிகையில வேலை பார்த்தவர். நம்மூர்ல கானாவைச் சாவு வீட்டுப் பாட்டுன்னு ஒதுக்கி வச்சது ஞாபகம் வரலையா? இது தனிப் பதிவு போட வேண்டிய மேட்டர்.

என்னைக் குத்தினது வேற. இந்தப் பொண்ணு முப்பது வயசைத் தாண்டினப்புறம்தான் வெளியில தெரிஞ்சுது. அதுவரைக்கும் ஒரு விமான கம்பெனியில உதிரிபாகம் வாங்கற வேலை. உதிரிபாகம்! நான் தினமும் பார்கோட் ஒட்டறேனே, அதே சமாச்சாரம், என்ன, அது பறக்கும். சின்ன வயசுல மேற்கத்திய பாட்டெல்லாம் மேடையில பாட வேணாம்னு அப்பா தடுத்ததைப் பேட்டியில சொல்லியிருக்கார்.

அதைப் படிச்சதும் என் தங்கச்சி ஞாபகம் வந்துச்சு. இன்ஜினியரிங் மூணாவது வருஷம். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தப்போ, "அண்ணா, காலேஜ்ல ஒரு பேண்டுக்கு என்னைப் பாடக் கூப்பிடறாங்க, அப்பாகிட்ட நீ சொல்றியா?"ன்னு கேட்டா. நான் லேப்டாப்பை விட்டுத் தலையைக்கூட நிமிர்த்தலை. "முதல்ல ப்ளேஸ்மென்ட்டைப் பாரு, அப்புறம் பாடலாம்"னு சொன்னேன். அப்பா வரைக்கும் விஷயம் போகவே இல்லை. எனக்கு லைட் மியூசிக் ட்ரூப்ல பாட ஆசை வந்தப்போ எங்கப்பா என்கிட்ட சொன்ன அதே வசனம். நான் அதுக்காக அவர்கூட ஒரு மாசம் பேசலை. இவ அப்படி எதுவும் பண்ணலை. சரிண்ணான்னு சொல்லிட்டு உள்ளே போய்ட்டா.

பஸ்லேர்ந்து இறங்கினதும் அவளுக்கு 'ஆடலாம் வா' லிங்க்கை அனுப்பினேன். மத்தியானம் கேன்டீன்ல இருக்கும்போது பதில் வந்துச்சு. "செமையா இருக்குண்ணா. அந்த பேண்ட்ல இப்போ வேற பொண்ணு பாடறா."

தயிர்சாதம் இறங்கலை. 'சாரி'ன்னு டைப் பண்ணி அழிச்சேன். அப்புறம், "காலேஜ்ல வேற பேண்ட் எதுவும் இருக்கா? அப்பாகிட்ட நான் பேசறேன்"னு அனுப்பினேன். நீல டிக் விழுந்துடுச்சு. இதை எழுதற வரைக்கும் பதில் இல்லை.

டிஸ்கி: புதுசா கேக்கறவங்க 'சிக்கன் லெமன் ரைஸ்'லேர்ந்து ஆரம்பிங்க. பேரைப் பார்த்து சமையல் குறிப்புன்னு நினைச்சுடாதீங்க.