சிறிய காரும் பெரிய ஆலோசனையும்

யானையை வாங்கிவிடலாம், அதற்குத் தீனி போடுவதுதான் கஷ்டம் என்பார்கள் நம்மவர்கள். கார் வாங்க எண்ணும் நடுத்தரக் குடும்பத்தினர் இந்த மூதுரையைத் தமது பணப்பெட்டியின் மூடியில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாமும் அந்தச் சோதனைக்கு உள்ளானோம். அதில் கற்ற பாடங்கள் நம்மைப் போன்ற பிறருக்கும் பயன்படக்கூடும் என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

கார் வாங்கும் எண்ணம் நமது வீட்டில் பயத்திலே பிறந்தது. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் பஞ்சம் தலைவிரித்தாடியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு யூலையில் பங்கீட்டு முறை அறிவிக்கப்பட்டபோது, கிழமையொன்றுக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றரும், காருக்கு 20 லீற்றரும் என்று அளந்தே கொடுத்தார்கள். அக்காலத்தில் ஓர் இரவு நமது தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. முச்சக்கர வண்டி வைத்திருந்த அயலவர் இருவரின் கதவைத் தட்டினோம். இருவரிடமும் வண்டி இருந்தது, பெற்றோல் இல்லை. மூன்றாமவர், மறுநாட் காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கென்று மிச்சம் பிடித்து வைத்திருந்த எரிபொருளில் நம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தாயார் பிழைத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு நாம் பட்ட கடன் எந்நாளும் தீராது. ஆனால், இன்னொரு முறை அப்படி இருட்டில் கதவு கதவாகத் தட்டித் திரியக்கூடாது என்று அன்றே மனத்துக்குள் முடிவு செய்துகொண்டோம்.

எண்ணெய் இல்லாத காலம் நமது குடும்பத்துக்குப் புதியதுமன்று. தந்தையாரிடம் ஓர் ஒஸ்ரின் ஏ40 கார் இருந்தது. 1990ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பின்னர், அந்தக் கார் மண்ணெண்ணெயிலே ஓடியது. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தைக் கிளப்புவார். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். பின்னால் எழும் புகையும் மணமும் காருக்கு முன்னரே ஒழுங்கைக்குள் வந்து சேர்ந்துவிடும். அழுத்தம் குறைந்த பழைய இயந்திரமாதலால் அது எதையும் பொறுத்துக்கொண்டது. இன்றைய கார்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்துவிடப்பட்டது. விலை சரியும் என்று காத்திருந்தோம். புதிய காரின் விலையைக் கேட்டதும், பழைய காரே நமக்கு உரியது என்பது தெளிவாயிற்று. இலிகிதர் உத்தியோகத்தில் நாமும் ஆசிரியத் தொழிலில் மனையாளும் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்த பணம் ஒருமுறைதான் செலவாகும். பிழைவிட்டால் திருத்த வழியில்லை.

எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை குடும்பத்தவர் அனைவரையும் முற்றத்தில் கூட்டி ஆலோசனை கேட்டோம். அரிசி மூட்டையும் எரிவாயுச் சிலிண்டரும் ஏற வேண்டும் என்றார் மனையாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன், பெரிய சில்லுகள் பூட்டிய ஜீப் போன்ற வாகனமே வேண்டும் என்றான். “சின்னக் கார் எண்டால் ஓடுறதிலை என்னப்பா சந்தோஷம் இருக்கு?” என்பது அவனுடைய வாதம். தாயார் கடைசியாகத்தான் வாய் திறந்தார். “எந்தக் காரெண்டாலும் வாங்குங்கோ. நான் ஏறவும் வேணும், இறங்கவும் வேணும், தம்பி.”

மகனை முதலில் வழிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவனுக்கு மினி என்ற ஆங்கிலக் காரின் கதையைச் சொன்னோம். 1956ஆம் ஆண்டில் சுயஸ் கால்வாய் நெருக்கடியினால் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீடு வந்தது. எண்ணெயைச் சிறிதளவே குடிக்கும் சின்னக் கார் ஒன்றை உடனே ஆக்கித் தரும்படி அலெக் இசிகோனிஸ் என்ற பொறியியலாளரிடம் கேட்டார்கள். நமது ஊர்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனரை உருவாக்கியவரும் அவரே. அவர் இயந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். பத்தே அங்குலச் சில்லுகளைப் பூட்டினார். இதனால் மூன்று மீற்றரைச் சற்றே தாண்டிய நீளத்தினுள், ஐந்தில் நான்கு பங்கு இடம் ஆட்களுக்கும் பொதிகளுக்கும் கிடைத்தது. 1959 ஓகஸ்டில் அந்தக் கார் வெளிவந்தது. சிக்கனத்துக்கென்று பிறந்த அதே காரின் வலுவூட்டப்பட்ட வகை, 1964, 1965, 1967ஆம் ஆண்டுகளில் மொன்ரே கார்லோ ஓட்டப் போட்டியில் பெரிய கார்களை வென்று வாகை சூடியது. பாரம் குறைந்த கார் திருப்பியவுடன் திரும்பும், நிறுத்தியவுடன் நிற்கும். சாரதிக்கு உண்டாகும் மகிழ்ச்சி பெரும்பாலும் அதிலேதான் இருக்கிறது. மகன் மறுமொழி சொல்லவில்லை. ஆயினும் ஜீப்பைப் பற்றிய பிரஸ்தாபம் அன்றோடு நின்றது.

அடுத்ததாக, ஒரு கொப்பியை எடுத்து ஒரு மாத காலம் நமது போக்குவரத்தையெல்லாம் எழுதி வந்தோம். முப்பது நாளில் இருபத்தாறு நாள் ஒருவரோ இருவரோதான் பயணம் செய்திருந்தோம். அதுவும் பதினைந்து கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரமே. ஐவராகச் சென்றது ஒரேயொரு கலியாண வீட்டுக்கு. கார் இருந்தால் மாதத்துக்கு 500 கிலோமீற்றர் ஓடக்கூடும் என்று கணக்கிட்டோம். ஆண்டுக்கு இரண்டு நாள் வரும் விருந்தினருக்காக ஆண்டு முழுவதும் பெரிய பானையில் சோறு சமைப்பார் உண்டா?

பின்னர் கார்களைப் பார்க்கப் புறப்பட்டோம். முதலிற் பார்த்தது 800 சீசீ இயந்திரமுள்ள இந்திய அல்ட்டோ. விலையும் மலிவு, எண்ணெய்ச் செலவும் குறைவு. ஆனால் ஆசனம் தாழ்ந்தது. தாயார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்கினார். வெளியே வருவதற்கு இருவர் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது, யப்பானில் செய்த வாகன் ஆர், கலப்பு மின்பொறி வகை. யப்பானியச் சட்டம் சின்னக் கார்களுக்கு 3.4 மீற்றர் நீளமும் 1.48 மீற்றர் அகலமும் 660 சீசீ இயந்திரமும் என்று எல்லை வகுத்திருக்கிறது. நீளமும் அகலமும் அடைபட்டதால், இதனை ஆக்கியோர் உயரத்தில் இடம் தேடினர். ஆகையால் தாயார் கதிரையில் இருப்பதுபோல எளிதாக அமர்ந்தார். லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்று தரகர் உறுதி கூறினார். நாம் அதே வகைக் கார் வைத்திருக்கும் நண்பரை நாடினோம். தாங்கியை விளிம்புவரை நிரப்பி, தூரமானியைக் குறித்துக்கொண்டு, 120 கிலோமீற்றர் ஓடி, அதே நிலையத்தில் மீண்டும் விளிம்புவரை நிரப்பினோம். ஓடிய தூரத்தை இரண்டாம் முறை விட்ட லீற்றரால் வகுத்தபோது 20 வந்தது. நல்ல கணக்குத்தான், தரகரின் கணக்கு அன்று. நெரிசலில் நிற்கும்போது இயந்திரத்தை அணைத்துவிடுவதும், மீண்டும் புறப்படும்போது சிறு மின்பொறியினால் கைகொடுப்பதுமே இந்த வகைக் காரின் சாமர்த்தியம். கொழும்பு வீதிகளில் அதனால் மிகுந்த நன்மை உண்டு. நமது கோப்பாய் வீதியில் மாட்டுக்காக நிற்பதைத் தவிர வேறு நிற்பு அதிகமில்லை.

மூன்றாவதாக வந்தது, கலப்பு மின்பொறி இல்லாத பழைய இந்திய வாகன் ஆர், ஆயிரம் சீசீ, கையால் கியர் மாற்றுவது. அதற்கும் ஆசன உயரம் உண்டு. முன்சொன்ன முறையிலே அளந்தபோது லீற்றருக்கு 16 கிலோமீற்றர் கொடுத்தது.

இப்போது பென்சிலை எடுத்தோம். மாதம் 500 கிலோமீற்றருக்கு ஒன்றுக்கு 25 லீற்றர், மற்றதற்கு 31 லீற்றர். வித்தியாசம் 6 லீற்றர். அவ்வேளையில் லீற்றர் ஏறத்தாழ 300 ரூபா. ஆகவே மாதம் 1,800 ரூபாவும் ஆண்டுக்கு 21,600 ரூபாவும் மிச்சம். ஆனால் யப்பானியக் காருக்கு 20 இலட்சம் ரூபா கூடுதலாகக் கேட்டார்கள். அந்தப் பணத்தைப் பெற்றோலில் மீட்டெடுக்க 92 ஆண்டுகளுக்கு மேல் செல்லும். நமது பேரனுடைய பேரன்தான் அந்த இலாபத்தைக் காண்பான். விற்கும்போது நல்ல விலை போகும் என்றார் தரகர். பின்னால் திரும்பி வரும் பணம் முன்னால் நம்மிடம் இருக்க வேண்டுமே!

கடைசியாக ஒரு கணக்கையும் பார்த்தோம். 2022ஐப் போன்று கிழமைக்கு 20 லீற்றர்தான் என்ற நிலை திரும்பி வந்தால், இந்தக் கார் 320 கிலோமீற்றர் ஓடும். லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் ஓடும் ஜீப் 160 கிலோமீற்றரில் நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போய்வர அரைத் தாங்கி எப்போதும் மிஞ்ச வேண்டும் என்பது நமது தீர்மானம். மூன்றாவது காரையே வாங்கினோம்.

முதற் பயணமாகப் பண்ணைப் பாலத்தில் ஊர்காவற்றுறைப் பக்கம் போனோம். மகன் ஓட்டினான். இருபுறமும் கடல், பொழுது சாய்கிற நேரம். முன்னாசனத்தில் இருந்த தாயார் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காற்றை நெடுநேரம் முகர்ந்தார். “ஐயாவின்ரை காரிலை வந்தால் கடல் மணமே தெரியாது, மண்ணெண்ணெய்தான்,” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் அதன்பின் வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

கொப்பி இன்னும் நிறுத்தப்படவில்லை. ரயரில் காற்றுச் சரியாக இருக்கிறதா என்று கிழமைதோறும் பார்ப்பதும், வேகத்தை ஒரு சீராக வைத்திருப்பதும், முன்னே நிற்கவேண்டி வரும் என்று கண்டால் முன்கூட்டியே காலைத் தளர்த்துவதும் மகனுக்கு விளையாட்டாகிவிட்டன. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதை அவனே நமக்குப் படிப்பிக்கிறான். சென்ற மாதம் நாம் ஓட்டியதில் லீற்றருக்கு 15.8, அவன் ஓட்டியதில் 17.2. சின்னக் காரில் என்ன சந்தோஷம் என்று கேட்டவன், அந்த இரண்டு எண்களையும் சிவப்பு மையால் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான்.

கார் வாங்கப் புறப்படும் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே: வீட்டில் மூத்தவரை முதலில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். தரகரின் கணக்கை விட்டுவிட்டு உங்கள் கணக்கைப் போடுங்கள். நல்ல கிழமையை நினைத்துக் காரைத் தெரியாதீர்கள். எண்ணெய் கிடைக்காத கிழமையை நினைத்துத் தெரியுங்கள். நமது முற்றத்தில் கார் நிற்கிறது. தாங்கியில் பாதிக்கு மேல் எண்ணெய் இருக்கிறது. அன்றிரவு நமக்கு உதவிய முச்சக்கர வண்டிக்காரரின் வீட்டில் எவருக்கேனும் ஒரு தேவை வந்தால், அவர் தட்டுவதற்கு நமது கதவும் இருக்கிறது.