குதிரை பாய்ந்த இடம்

செஞ்சியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒப்பிக்கும் ஜாபிதா ஒன்று உண்டு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். கல்யாண மஹால், நெற்களஞ்சியம், யானைக்குளம், சாதத்துல்லா கான் மசூதி, வெங்கடரமணர் கோயில். கோயில் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தாம். சில வருஷங்களுக்கு முன் சென்னையிலிருந்து வந்த கவிஞ நண்பரிடமும் இதையெல்லாம், கவுண்டரில் வட்டி விகிதம் சொல்கிற குரலிலேயே சொல்லிக்கொண்டு போனேன்.

அவருக்கு ஒன்றும் ஒட்டவில்லை. பாறை, வெயில், குரங்கு. ராஜகிரி ஏறக்குறைய எண்ணூறு அடி. உச்சியை நெருங்குகையில் பாறை பிளந்து கிடக்கிறது. பிளவின் மேல் சிறு பாலம். அதில் நின்று மூச்சு வாங்கியபடி, "இவ்வளவுதானா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சொந்த ஊர்கூட இல்லை, மாற்றலாகி வந்த ஊர், ஆனாலும். "தேசிங்கு குதிரையோடு பாய்ந்தது இங்கிருந்துதான்" என்றேன்.

பொய். தேசிங்கு 1714இல் கீழே, சமவெளியில், ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதிச் செத்தான். ஆண்டது சில மாதம். சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை. மொகலாயர் வருஷக்கணக்கில் முற்றுகையிட்டு 1698இல் பிடித்த கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இத்தனை பேரில் ஊர் ஞாபகம் வைத்திருப்பது தோற்ற அந்தப் பையனைத்தான். அவனைக் கதையாகப் பாடியவர்கள் மட்டும் சரித்திரத்துக்குக் கட்டுப்பட்டவர்களா என்று கேட்கலாம். இல்லைதான். அவர்களுக்குப் பொறுக்காதது அவன் சாவு. எனக்குப் பொறுக்காமல் போனது நண்பரின் முகச்சுளிப்பு.

நாலு மாதம் கழித்துக் கவிதை வந்தது. அந்தரத்தில் நிற்கும் குளம்புகள்தாம் அதன் மையம். பிறர் கவிதைகளில் இரவல் அனுபவத்தைத் துருவித் துருவிக் கண்டுபிடித்துக் காட்டுபவன் என்று இந்தச் சிறு வட்டத்தில் எனக்கு ஒரு பெயர். அந்தக் கவிதையைப் பற்றி எழுதும்போது 'அனுபவத்தின் நேரடித்தன்மை' என்று எழுதினேன். பேனா தயங்கியது; ஆனாலும் எழுதினேன். அதைவிடத் தொந்தரவு, இன்றைக்கும் அந்தக் கவிதை எனக்குப் பிடிக்கிறது. நண்பரும் இந்தப் பத்திரிகைக்குச் சந்தாதாரர், இதைப் படிப்பார்.

2025 ஜூலையில் மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி ஒன்றுதான். தேசிங்கு ராஜபுத்திரன் என்பது வேறு விஷயம்.

போன மாதம் நகைக்கடன் கவுண்டரில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். கையில் அந்தக் கவிதையின் ஜெராக்ஸ். "சார், குதிரை பாய்ந்த பாறை எது?"

பின்னால் ஒரு அம்மாள் வளையல்களைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "ராஜகிரி. பாலம் வரைக்கும் ஏறணும்" என்றேன். "தண்ணீர் எடுத்துக்கிட்டுப் போங்க."