மலையும் மனையும்

ஜான் டேனியல் மன்றோ திருவிதாங்கூர் அரசின் ஏலமலை மேற்பார்வையாளர். அதிகாரியாய் மலையேறியவர், 1877 ஜூலை 11ஆம் நாள், இன்று மூணாற்றைச் சூழ்ந்திருக்கும் கண்ணன் தேவன் மலைகளைப் பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகையாகப் பெற்றார். பரப்போ சுமார் 1,37,000 ஏக்கர். ஆண்டுக் குத்தகையோ 3,000 ரூபாய். அறிவியல் மாணவன் அல்லவா? கணக்கிட்டுப் பார்த்தேன். ஏக்கருக்கு அரையணாவும் தேறவில்லை! கொடுத்த அரசர் குடியோ, பாண்டியர் வழி வந்ததென்று மரபு கூறும்!

காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியவை, பிழைப்புத் தேடி மலையேறிய தமிழரின் கைகள். என் பாட்டனும் பாட்டியும் அவ்வாறு வந்தவர்களே. 1971இல் கேரள அரசு சட்டமியற்றி இம்மலை நிலங்களை மீட்டது. ஆனால் தேயிலை பயிரிட்ட நிலம் தோட்டத்தாரிடமே நின்றது. தொழிலாளிக்கு லயத்து வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும்.

அடுத்த ஆண்டு என் அன்னைக்கு ஓய்வு. முப்பதாண்டுகள் கொழுந்தெடுத்தவர், வீட்டை ஒப்படைத்துவிட்டு எங்கே போவார்? "சொந்த ஊருக்கு" என்பர். அவர் பிறந்ததும் அந்த லயத்தில்தானே!

தோழர்களே, ஓர் அதிகாரிக்கு ஒரே கையெழுத்தில் மலை கிடைத்தது. என் அன்னை கேட்பது மலையன்று. மூன்று சென்ட் மனை.