மதராஸ் போட்டோ சங்கமும் அய்யாசாமியும்

சென்னையில் 'ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ்' என்று ஒரு சங்கம் இன்றும் நடக்கிறது. ஆரம்பித்தது 1857-ல், சிப்பாய்க் கலகம் நடந்த அதே வருஷம். ஊர் பற்றி எரியும்போது போட்டோவுக்குச் சங்கமா என்று அப்போதும் யாராவது கேட்டிருப்பார்கள்!

ஆரம்பித்தவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ராணுவ டாக்டர். 1850-ல் சொந்தக் காசில் ஓவியப் பள்ளி வைத்தவரும் இவர்தான். பூந்தமல்லி ஹைரோட்டில் பஸ்ஸில் போகும்போது கவின்கலைக் கல்லூரியைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் அந்தப் பள்ளி.

அந்தக் காலத்தில் மதராஸ் அரசாங்கமே சம்பளம் கொடுத்து ஒரு போட்டோகிராபரை வைத்திருந்தது. கேப்டன் லினேயஸ் ட்ரைப் என்று பெயர். 1858-ல் ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் எல்லாம் சுற்றிப் படம் எடுத்தார். கனமான மரக் காமிரா, மெழுகு தடவிய காகித நெகட்டிவ், ரசாயன பாட்டில்கள். நம் ஊர் வெயிலில் இவற்றைக் கெடாமல் காப்பதே பெரும்பாடு.

அவர் எடுத்ததில் என்னை மலைக்க வைப்பது கோபுரப் படங்கள் அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைச் சுற்றி அடிப்பகுதியில் வெட்டியிருக்கும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை வரிசையாக ஒட்டினார். நீளம் ஏறக்குறைய 19 அடி! அழகுக்காக அல்ல, எழுத்தைப் படிப்பதற்காக எடுத்த படம்.

1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று அந்த ஆபீஸையே மூடிவிட்டார். சிக்கனம் என்றால் முதலில் கை வைப்பது இந்த மாதிரி வேலையில்தான். அன்றும் அப்படித்தான்.

ட்ரைப்பின் படங்கள் லண்டன் மியூசியங்களில் இருக்கின்றன. கூட இருந்து உழைத்த உதவியாளர் சி. அய்யாசாமி, ஹண்டர் பள்ளியைச் சேர்ந்தவர். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நம் படப்பைக்குப் பக்கத்திலேயே மணிமங்கலம் ராஜகோபாலப் பெருமாள் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் உள்ளன. பேரப்பிள்ளைகளிடம் நல்ல செல்போன் இருக்கிறது. ஒன்று சொல்லி அனுப்புங்கள்: உச்சி வெயிலும் வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். வெளிச்சம் சுவரின் மேல் பக்கவாட்டில் சாய்ந்து விழும் நேரம் பார்த்து எடுக்க வேண்டும். அப்போதுதான் வெட்டிய பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து தெரியும்.